மஞ்சள் கருவில் சேரும் தாய்க்காப்பு

முட்டைக்குள் வளரும் கோழிக்குஞ்சுக்குத் தொப்புள்கொடி வழியே தாயின் தொடர்பும் இல்லை, பொரித்தபின் குடிக்கச் சீம்பாலும் இல்லை என்பதால், தாயிடமிருந்து அதற்குச் சேர வேண்டிய நோய்க்காப்பு முழுவதும் ஓடு உருவாவதற்கு முன்பே உள்ளே சேர்ந்துவிட வேண்டும். டெட்டனஸ் நஞ்சுக்கு எதிராகத் தடுப்பாற்றல் ஊட்டப்பட்ட கோழிகளின் மஞ்சள் கரு, எலிகளை அந்நஞ்சிலிருந்து காக்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஃபெலிக்ஸ் கிளெம்பெரர் 1893இல் காட்டியபோது, அக்காப்பு இருக்குமிடம் தெளிவாயிற்று.

மஞ்சள் கருவில் இருப்பவை எதிர்ப்பொருள்கள், அதாவது குறிப்பிட்ட ஒரு கிருமியையோ நஞ்சையோ அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்கள். முட்டையிடுவதற்கு முந்தைய பத்து நாள்களில் சூலகத்தில் மஞ்சள் கரு விரைந்து பருக்கும்போது, தாயின் இரத்தத்திலுள்ள ஐஜிஒய் என்னும் எதிர்ப்பொருள் அதனுள் ஏறத்தாழ 100 மில்லிகிராம் வரை சேர்கிறது. பின்னர் மஞ்சள் கரு முட்டைக்குழலில் இறங்கி வெள்ளைக் கருவால் சூழப்படுகையில், ஐஜிஏ, ஐஜிஎம் என்னும் வேறு இரு வகைகளும், பாக்டீரியாவின் செல்சுவரைச் சிதைக்கும் லைசோசைம் என்ற நொதியும் உடன் சேர்கின்றன.

21 நாள் அடைகாப்பின் இறுதி நாள்களில், மஞ்சள் கருவைச் சூழ்ந்த பையின் செல்கள் ஐஜிஒய்யைப் பற்றியெடுத்துக் குஞ்சின் இரத்தத்தில் மிகுதியாகச் சேர்க்கின்றன. எஞ்சிய மஞ்சள் கரு, பொரிப்பதற்குச் சற்று முன் அப்பையோடு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடுவதால், வெளிவந்த குஞ்சுக்கும் சில நாள்கள் அது கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

இவ்வாறு கிடைப்பது பொதுவான வலிமை அன்று. தாய் எந்த நோயைக் கண்டு மீண்டதோ, எதற்குத் தடுப்பூசி பெற்றதோ, அதற்குரிய எதிர்ப்பொருளே குஞ்சை அடைகிறது என்பதே இதன் வியத்தகு நுட்பம். குஞ்சின் எதிர்ப்பாற்றலுக்கு அடிப்படையான ஃபேப்ரீசியஸ் பை என்னும் உறுப்பைத் தாக்கும் கம்போரோ நோயிலிருந்து இளங்குஞ்சுகளைக் காக்க, பண்ணைகளில் தாய்க்கோழிகளுக்கே தடுப்பூசி போடுவது இதனால்தான்.

ஆயினும் இது இரவல் காப்பு. சில நாள்களுக்கொரு முறை பாதியாகக் குறைந்து, சில வாரங்களில் தீர்ந்துவிடுகிறது. அதற்கிடையில் உயிருள்ள தடுப்பு மருந்தைக் கொடுத்தால், தாயின் எதிர்ப்பொருள்கள் அம்மருந்திலுள்ள வைரஸையும் பகையாகக் கருதி முடக்கிவிடக்கூடும். வெள்ளைக் கழிச்சல் என்னும் கோழி நோய்க்கான முதல் தடுப்பு மருந்தை முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக இடும் வழக்கம், இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களின் தடையை ஓரளவு தவிர்த்து, சளிப்படலத்திலேயே எதிர்ப்பைத் தூண்டுகிறது. தாய்க்காப்பு குறைந்தபின் அடுத்த தவணை தரப்படுகிறது.