கரிசலுக்கு எந்தத் தண்ணி?

"போர் போட்டா வருசம் பூரா வெள்ளாமை எடுக்கலாமே, இன்னும் எதுக்குண்ணே மானாவாரி?" கோவில்பட்டிப் பக்கம் புதுசாக விவசாயத்துக்கு வரும் தம்பிகள் என்னிடம் கேட்கிறார்கள். தண்ணீர் பாய்ந்தால் மகசூல் கூடும், மறுக்கவில்லை. உளுந்து பூக்கும் நேரம் மழை தவறினால் ஒரு தண்ணி காட்டுவதே வெள்ளாமையைக் காப்பாற்றிவிடும்.

ஆனால் போர் வந்ததும் பயிரும் மாறிவிடுகிறது. கம்பு, சோளம், பாசி, பருத்தி, மல்லி என்று கலந்து நின்ற புஞ்சையில், போர்க் கடனை அடைக்க ஒரே பணப்பயிர். கரண்டு இலவசம், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் மண்ணில். கரிசல் களிமண். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து உப்பி, அந்த ஈரத்திலேயே தை வரை பயிரைக் காய்க்க வைக்கும். சோடியம் மிகுந்த போர்த் தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் அந்தக் களி கரைந்து துவாரமெல்லாம் அடைபடும். காய்ந்தால் கல். பிறகு மழை பெய்தாலும் உள்ளே இறங்காது. என் புஞ்சைக்கு மேற்கே இப்படி வெள்ளை பூத்துக் கிடக்கும் நிலத்தில் இப்போது மானாவாரிச் சோளமும் சரியாக வருவதில்லை.

நம்மாழ்வார் ஐயா 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில்தான் வேலை பார்த்தார். செலவு வைக்கும் ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவாது என்று வெளியேறினார்.

போர் போட்டே தீரணுமா? முதலில் பக்கத்துத் தோட்டத்துப் போர்த் தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுங்க. இல்லையென்றால் தாழ்வான மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுங்க. கரிசலில் தண்ணீர் சீக்கிரம் கசியாது, தார்ப்பாய் விரிக்கும் செலவும் மிச்சம். அந்த ஒரு தண்ணிக்கு அது போதும்.