பெயிண்ட் கெடாமல் ஒடுக்கு எடுக்கலாம்

கார் ஓரமாக நிற்கிறது. ஸ்கூட்டர் ஒன்று உரசிப் போகிறது. அதன் கைப்பிடி இடித்துக் கதவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒடுக்கு விழுகிறது. பெயிண்ட் உரியவில்லை. தகடு மட்டும் உள்ளே போயிருக்கிறது.

இதைச் சரி செய்வதை நம் ஊரில் டிங்கரிங் என்கிறோம். டெல்லி, மும்பை பக்கம் டென்டிங் பெயிண்டிங் என்று பலகை எழுதி வைத்திருப்பார்கள். வேலை ஒன்றுதான். தகட்டைத் தட்டி நிமிர்த்துவார்கள். பட்டி பூசுவார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். பிறகு பெயிண்ட் அடிப்பார்கள்.

புதுப் பெயிண்ட் தானே, நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை.

தொழிற்சாலையில் காரின் கூட்டைப் பெரிய தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். மின்சாரம் பாய்ச்சுவதால் துருப்பிடிக்காத பூச்சு இண்டு இடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. அதைச் சுமார் 160 டிகிரிக்கு மேல் சூட்டில் வேக வைக்கிறார்கள். அதன்மேல்தான் நிறம் வருகிறது. எல்லாப் பூச்சும் சேர்ந்து சுமார் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கனம்தான். ஆனால் அவ்வளவு உறுதி.

பட்டறையில் அந்தச் சூடு வைக்க முடியாது. வயர், சீட், ரப்பர் எல்லாம் கருகிவிடும். நல்ல பட்டறையிலும் 60 டிகிரி அளவில்தான் காய வைக்கிறார்கள். பழைய கார் வாங்க வருபவர் சின்னக் கருவியை வைத்துப் பெயிண்டின் கனத்தை அளந்து பார்ப்பதும் உண்டு. பட்டி பூசிய கதவு என்று தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்பார்.

அதனால் முதலில் பெயிண்டைப் பார்க்க வேண்டும். வெடிப்பு இல்லையா? ஒடுக்கு மழமழவென்று குழிந்திருக்கிறதா? அப்படியானால் பெயிண்டைத் தொடாமலே எடுக்கலாம்.

இந்த வேலைக்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும். டியூப் லைட்டைக் கதவின் எதிரே வைப்பார்கள். அதன் வெளிச்சம் கதவில் கோடாகத் தெரியும். ஒடுக்கு உள்ள இடத்தில் கோடு வளையும். ஜன்னல் கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாக நீண்ட இரும்புக் கம்பியை உள்ளே விடுவார்கள். கம்பியின் நுனி ஒடுக்கின் பின்பக்கம் போய் நிற்கும். அங்கிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாக அழுத்துவார்கள். முதலில் ஒடுக்கின் ஓரம். பிறகுதான் நடு. ஒரே அழுத்தாக அழுத்தினால் தகடு வெளியே பரு போலப் புடைக்கும். பெயிண்டும் வெடிக்கும். லேசாகப் புடைத்த இடத்தைப் பிளாஸ்டிக் முனை வைத்து மெல்லத் தட்டி இறக்குவார்கள். வெளிச்சக் கோடு நேரானால் வேலை முடிந்தது.

கம்பி நுழையாத இடமும் உண்டு. அங்கே சூடான பசையால் ஒரு பிளாஸ்டிக் பிடியை ஒட்டி வெளியே இழுப்பார்கள். பிறகு ஸ்பிரிட் தொட்டுப் பசையை எடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே பட்டி பூசிய கதவில் இதைச் செய்யக் கூடாது. பசையோடு பெயிண்டும் உரிந்து வரலாம். பட்டி இருக்கிறதா என்று பார்க்கக் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பட்டி தடிமனாக இருந்தால் காந்தம் சரியாகப் பிடிக்காது.

ஆலங்கட்டி மழையில் கார்க் கூரை முழுவதும் சின்னச் சின்னக் குழிகள் விழும். அதற்கும் இந்த முறைதான் ஏற்றது. வெந்நீர் ஊற்றினால் ஒடுக்கு வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். பிளாஸ்டிக் பம்பருக்கு அது சில சமயம் பலிக்கும். இரும்புத் தகட்டுக்கு நம்ப வேண்டாம்.

தகடு மடிந்திருந்தாலும், பெயிண்ட் வெடித்திருந்தாலும் பழைய முறைதான். பட்டறைக்குப் போக நாளாகும் என்றால், வெடித்த இடத்தைத் துடைத்து டச்சப் பெயிண்ட் ஒரு சொட்டு வைத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் இறங்கினால் துரு பெயிண்டுக்கு அடியிலேயே பரவிவிடும்.