குழாய் வைத்த தேதி

இராயபுரத்தில் வாழ்ந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் பெரியப்பா, ஒருமுறை இடுப்பெலும்பு முறிந்து வெளியூர் மருத்துவமனை ஒன்றில் கிடந்தார். சிறுநீர் கழியக் குழாய் வைத்திருந்தனர். பத்தாம் நாள் குளிர்சுரம் கண்டது. “இக்குழாயை என்று வைத்தீர்கள்?” என்று மருத்துவர் வினவினார். குறிப்பேட்டைப் புரட்டினர், விடை அதில் இல்லை.

நேயர்களே, குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. எல்லார்க்கும் அது நோயாவதில்லை. சிலருக்கோ குருதியிலும் கலந்துவிடும். கிருமி குழாயின் வெளிப்புறமாக ஏறும். பையின் இணைப்பைத் திறந்தால் உட்புறமாகவும் ஏறும். இணைப்பைத் திறவாத மூடிய முறையின் நன்மையை 1966-ல் குனின், மெக்கார்மக் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். அம்முறையும் தொற்றைத் தள்ளிப்போடுமேயன்றி அறவே தடுக்காது. குழாயை விரைந்து எடுப்பதே தலையாய காப்பு.

எடுக்க வேண்டுமானால், அது இருப்பது நினைவிலிருக்க வேண்டுமே! அமெரிக்காவில் 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கு 28 முறை மருத்துவருக்கே தம் நோயாளியின் குழாய் தெரிந்திருக்கவில்லை.

வைத்த தேதி, மணி, காரணம், வைத்தவர் கையொப்பம். பின்னர் நாள்தோறும் ‘இன்றும் வேண்டுமா?’ என்பதற்கு ஒரு விடை. ஓயாது உழைக்கும் செவிலியரை இதையும் எழுதச் சொல்வது கொடுமையே. ஆயினும், வேளைக்கு ஒருவர் மாறும் வார்டில் எழுத்தையன்றி எதை நம்புவது?

பெரியப்பா பிழைத்தார். இப்போதெல்லாம் உறவினரைக் காண ஸ்டான்லிக்கு, எங்கள் பெரியவர்கள் வாக்கில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்கு, நான் போனால், பழத்தைக் கொடுத்த கையோடு குழாயின் தேதியையும் கேட்டுவிடுகிறேன்.