பள்ளித் தோழரும் பண்புடை ஆசிரியரும்

இராமேஸ்வரம் என்றதும் சைவ மக்களின் நினைவுக்கு வருபவை இராமநாதசுவாமி கோயிலும், அதன் நீண்ட பிரகாரங்களும், அக்கினி தீர்த்தமும் ஆகும். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, தலைமன்னாரில் கப்பலேறி அவ்வழியாகச் சென்று தீர்த்தமாடி வந்த ஈழத்துப் பெரியோர் பலர். அப்புண்ணிய தலத்தின் ஆரம்பப் பாடசாலையில் 1940-களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம், ரொறன்ரோவில் பிள்ளை வளர்க்கும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

அப்பாடசாலையில் ஐந்தாம் வகுப்பில் படித்த சிறுவர்களுள் ஒருவர், பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவராகிய ஏ. பி. ஜே. அப்துல் கலாம் அவர்கள். 1931-இல் பிறந்த அவருடைய நெருங்கிய தோழர்கள் மூவர்: இராமநாத சாஸ்திரி, அரவிந்தன், சிவப்பிரகாசன். மூவரும் ஆசாரமான பிராமணக் குடும்பத்துப் பிள்ளைகள். இராமநாதனின் தந்தையாராகிய பட்சி லட்சுமண சாஸ்திரிகள் பெரிய கோயிலின் தலைமைக் குருக்கள். கலாமின் தந்தையார் ஜைனுலாப்தீன் படகு வைத்திருந்தவர். இவ்விருவரும் நெருங்கிய நண்பர்கள். சீதா ராம கல்யாண உற்சவத்தின் போது சுவாமியை எழுந்தருளச் செய்யும் படகுகளை ஒழுங்கு செய்ததும் கலாமின் குடும்பமே.

பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் வேற்றுமை தெரியவில்லை. தொப்பி அணிந்த கலாமும் பூணூல் அணிந்த இராமநாதனும் முன்வரிசையில் அருகருகே அமர்வார்கள். ஒரு நாள் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவருக்கு அக்காட்சி பொறுக்கவில்லை. குருக்கள் மகனுக்குப் பக்கத்தில் முஸ்லிம் பையனா என்று எண்ணிக் கலாமைக் கடைசி வாங்குக்கு அனுப்பிவிட்டார். கலாம் மனம் வாடி எழுந்து போனார். முன் வாங்கில் இருந்த இராமநாதனோ அழுதுவிட்டான். தோழனின் அந்த அழுத முகம் தம் மனத்தை விட்டு அகலவில்லை என்று கலாம் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதியிருக்கிறார்.

இருவரும் வீட்டுக்குச் சென்று நடந்ததைச் சொன்னார்கள். லட்சுமண சாஸ்திரிகள் அந்த ஆசிரியரை அழைப்பித்தார். பிள்ளைகளின் முன்னிலையிலேயே, மாசற்ற உள்ளங்களில் பேதம் என்னும் நஞ்சை விதைக்கலாகாது என்று கண்டித்து, மன்னிப்புக் கேட்கவேண்டும், இல்லையேல் பாடசாலையையும் ஊரையும் விட்டுச் செல்லவேண்டும் என்றார். ஆசிரியர் தம் செயலுக்கு வருந்தியதோடு மனமும் மாறினார்.

இங்கே அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. குருக்களின் மகனுக்கு எந்த நட்டமும் நேரவில்லை. அவன் இடம் முன்வரிசையிலேயே இருந்தது. அவனை உயர்த்துவதாக நினைத்தே ஆசிரியர் அப்படிச் செய்தார். ஆயினும் தட்டிக் கேட்டவர், தாழ்த்தப்பட்ட பிள்ளையின் தகப்பனார் அல்லர். உயர்த்தப்பட்ட பிள்ளையின் தகப்பனாரே.

அதே பாடசாலையில் சிவசுப்பிரமணிய ஐயர் என்றொரு விஞ்ஞான ஆசிரியரும் இருந்தார். பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று கண்டதும் கடற்கரைக்கே அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினார். கலாம் விமானப் பொறியியல் பக்கம் திரும்பியதற்கு வித்து அங்கே விழுந்தது.

ஒரு நாள் ஐயர் கலாமைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். ஆசாரம் மிக்க அவருடைய மனைவி, தம் சமையலறையில் முஸ்லிம் பிள்ளைக்கு உணவு பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் மனைவியைக் கோபிக்கவில்லை. தாமே பரிமாறி, பக்கத்தில் அமர்ந்து உண்டார். அம்மையார் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது அடுத்த வாரமும் வரவேண்டும் என்றார் ஐயர். கலாம் தயங்கவே, ஒரு வழக்கத்தை மாற்ற முனைந்தால் இத்தகைய தடைகளை எதிர்கொள்ளத்தான் வேண்டும் என்று தேற்றினார். மறுவாரம் அந்த அம்மையாரே கலாமைச் சமையலறைக்குள் அழைத்துச் சென்று தம் கையால் உணவு படைத்தார்.

கலாம் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். ரொறன்ரோவுக்கு மேற்கேயுள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகம் 2010-இல் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. 2015 யூலை 27-இல் ஷில்லோங்கில் மாணவர் முன் உரையாற்றிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து, அன்றே அவர் உயிர் நீத்தார். இராமநாதன் தந்தையின் வழியில் குருக்களானார். அரவிந்தன் யாத்திரிகருக்கு வாகன வசதி செய்யும் தொழிலையும், சிவப்பிரகாசன் ரயில்வே உணவு ஒப்பந்தத்தையும் மேற்கொண்டார்கள்.

ரொறன்ரோப் பாடசாலைகளில் பல நாட்டு, பல மதத்துப் பிள்ளைகள் ஒரே மேசையில் அமர்கிறார்கள். தம் பிள்ளை ஒதுக்கப்பட்டால் எந்தப் பெற்றோரும் அதிபரைத் தேடி ஓடுவர். அது இயல்பு. ஆனால் பக்கத்துப் பிள்ளை ஒதுக்கப்பட்டதென்று தம் பிள்ளை சொல்லும்போது என்ன செய்வது? தமிழ் வகுப்பிலும், பிறந்தநாள் விருந்திலும், எந்த ஊர், என்ன குலம் என்ற விசாரணை நடக்கும்போது யார் வாய் திறப்பது?

தோழனுக்காக அழுகின்ற மனம் பிள்ளைகளுக்கு இயற்கையாகவே உண்டு. அதைக் காப்பதும் கெடுப்பதும் பெரியோர் கையிலேயே இருக்கின்றது.