வேலிக்கு வெளியே ஒரு ஊர்

விளம்பரப் பலகையில் எல்லாமே பச்சை. மாமரங்கள், மாட்டுக் கொட்டில், நடுவே பொதுச் சமையற்கூடம், சுற்றிலும் ஓட்டு வீடுகள். பெங்களூரிலிருந்து கனகபுரா, தொட்டபள்ளாபுரா, சிக்கபள்ளாபூர் போகும் சாலைகளில் இப்படிப்பட்ட பலகைகளுக்குப் பஞ்சமில்லை. நகரத்துக் குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கி, ஆளுக்குக் கால் ஏக்கர் பிரித்துக்கொண்டு, தண்ணீரையும் வேலையாட்களையும் பொதுவில் வைத்துக்கொள்ளும் கூட்டுப் பண்ணைக் குடியிருப்புகள் இவை. ரசாயன உரம் கிடையாது. குழந்தைகள் மண்ணில் விளையாடலாம். பலகையில் இடம்பெறாதது பக்கத்து ஊர் மட்டும்தான்.

அந்த ஊரில் முதலில் எழும் கேள்வி வழியைப் பற்றியது. கர்நாடக நில ஆவணங்களில் வண்டிப் பாதை, ஓடை, சுடுகாடு போன்றவை 'பி கராப்' என்று பதிவாகியிருக்கும். தனியார் சர்வே எண்ணுக்குள் கிடந்தாலும் அது பொதுச் சொத்து. ஆனால் பல பாதைகள் எந்த வரைபடத்திலும் இல்லை. ஒருவர் வரப்பில் இன்னொருவர் நடப்பது தாத்தா காலத்துப் பழக்கம். அறுப்பு முடிந்த ராகிக் கொல்லையில் ஊர் ஆடுகள் மேய்வதும் அப்படித்தான். நிலம் கைமாறி, கம்பி வேலி போட்டு, வாசலில் காவலாளி உட்கார்ந்ததும் பழக்கம் அத்துமீறலாகிவிடுகிறது. பின்னால் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் டிராக்டரை எப்படிக் கொண்டுபோவார்? வழியில்லாத நிலத்தைக் கேட்பாரில்லை. கடைசியில் அவரும் அதே நிறுவனத்துக்கு, அவர்கள் சொன்ன விலைக்கு, எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

முன்பு இவ்வளவு சுலபமாக வாங்கிவிட முடியாது. 1961-ம் வருடத்திய கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ பிரிவு, விவசாயமல்லாத வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியவர்கள் விளைநிலம் வாங்கத் தடை விதித்திருந்தது. 2 லட்ச ரூபாயாக இருந்த வரம்பு 2015-ல் 25 லட்சமானது. 2020-ல் எடியூரப்பா அரசு 79ஏ, 79பி இரண்டையுமே நீக்கியது. விவசாய சங்கங்கள் தெருவுக்கு வந்தும், அந்த டிசம்பரில் மேலவையும் ஒப்புதல் தந்துவிட்டது. அந்தப் பிரிவுகள் அதிகாரிகளின் மாமூலுக்குத்தான் உதவின என்பது அரசுத் தரப்பு வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. (தமிழ்நாட்டில் இப்படியொரு தடையே கிடையாது. தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் பெங்களூர்க்காரர்கள் தோட்டம் வாங்க அதுவும் ஒரு காரணம்.)

வழிக்கு அடுத்தது தண்ணீர். கோலார், சிக்கபள்ளாபூர், பெங்களூர் கிராமப்புற மாவட்டங்கள், பூமிக்குள் இறங்குவதைவிட அதிகமாக நீர் உறிஞ்சப்படும் பகுதிகள் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகைப்படுத்தியிருக்கிறது. 1,000 அடி தாண்டியும் போர்வெல்லில் புழுதிதான் வருகிறது. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நிலைமை அந்த அளவுக்குப் போய்விட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 ஏக்கரில் சாலை, பொது இடம் போக 120 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்று வைத்துக்கொண்டால் 480 பேர். நகரவாசிக்கு அரசு வகுத்திருக்கும் அளவு நாளொன்றுக்கு 135 லிட்டர். ஆக, 64,800 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமவாசிக்கு உரிய அளவோ 55 லிட்டர். அந்த 480 பேரின் ஒரு நாள் தண்ணீர், வெளியே 1,170 பேருக்குப் போதும். தோட்டத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் தனிக் கணக்கு. வீட்டுக்காரர்கள் சனி, ஞாயிறுகளில்தானே வரப்போகிறார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வெண்ணெய்ப் பழக் கன்றுக்குச் சனி, ஞாயிறு தெரியாது. அதற்கு முன் அங்கே இருந்த மானாவாரி ராகி, மழையோடு தன் தேவையை முடித்துக்கொண்ட பயிர். குட்டை வெட்டி மழைநீரைத் தேக்கினால் பாதிப்பு கொஞ்சம் குறையும். எல்லாப் பண்ணைகளும் அதைச் செய்வதில்லை என்பதுதான் சிக்கல்.

ஊர் முழுக்க எதிர்க்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். மழையை நம்பிக் கடனில் கிடந்தவருக்கு நிலத்தை விற்ற பணம் பெரிய விடுதலை. தோட்ட வேலை, சமையல், காவல் என்று சிலருக்கு மாதச் சம்பளமும் கிடைக்கிறது. அந்தச் சம்பளத்துக்கு ஆட்கள் போய்விட்டால், பக்கத்துக் காட்டுக்காரருக்கு அறுப்புக்கு ஆள் இல்லை. விற்றவருக்கு விலை கிடைத்தது. விற்காதவருக்கும், விற்க எதுவுமே இல்லாத ஆட்டுக்காரருக்கும் யார் என்ன தருவார்கள்? ஒரு பத்திரத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

வாங்குகிறவர்களுக்கும் தொல்லை உண்டு. விளைநிலத்தில் பண்ணை வீட்டுக்கு, நிலத்தில் 10 சதவீதம்தான் அனுமதி. கால் ஏக்கருக்கு அது 1,089 சதுர அடி. வெறும் குடியிருப்பு என்றால் நில உபயோகத்தை மாற்ற மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தலித்துகளுக்கு அரசு வழங்கிய நிலமாக இருந்தால் 1978-ம் ஆண்டுச் சட்டப்படி, அரசின் முன் அனுமதியில்லாமல் நடந்த விற்பனையே செல்லாது.

கிராமத்தார் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை: வேலி போடுவதற்கு முன் பாதைகளை அளந்து கல் நடவேண்டும், எத்தனை போர்வெல், எத்தனை அடி என்பதை கிராம சபையில் சொல்லவேண்டும். நிலம் வாங்க நினைக்கும் நகரத்துக் குடும்பமும் ஒரு காரியம் செய்யலாம். நிறுவனம் தரும் வண்ணப் படத்தின் பக்கத்தில், வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தை வைத்துப் பார்க்கலாம். அரசு இணையதளத்திலேயே அது கிடைக்கிறது. வண்டிப் பாதை எந்த வீட்டின் வரவேற்பறை வழியாகப் போகிறது என்று தெரிந்துவிடும்.