வீடியோ ஏன் சுற்றிக்கொண்டே நிற்கிறது?

உங்கள் இணையதளத்தில் ஏற்றிய எம்பி4 வீடியோ முழுதும் இறங்கும்வரை ஓடாமல் அடம்பிடிக்கிறதா? நெட் வேகத்தைத் திட்டுவதற்கு முன் கோப்பைப் பாருங்கள். எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை, பல கோப்புகளில் கடைசியில்தான் இருக்கும். பதிவு முடிந்த பிறகுதானே அதை எழுத முடியும்! 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ என்று ஒரு வசதி உண்டு. அட்டவணையை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும்; படத்தின் தரம் துளியும் குறையாது.

நீளமான படத்துக்கு இது போதாது. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில், படத்தைப் பல தரங்களில், சில விநாடித் துண்டுகளாக்கி சர்வரில் வைக்கலாம். சிக்னல் குறைந்தால் அடுத்த துண்டு கொஞ்சம் மங்கலாக வரும், ஆனால் ஓடும்.