குட்டை முடியிலும் பூ வைக்கலாம்

கீமோதெரபி முடிந்ததும் எல்லாரும் எனக்குச் சொன்ன ஆறுதல் ஒன்றுதான்: "கவலைப்படாதே, முடி மறுபடியும் வளர்ந்துவிடும்." வளர்ந்தது உண்மைதான். ஆனால் எப்படி வளரும், வளரும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதெல்லாம் போகப் போகத்தான் தெரிந்தது. உயிரைப் பற்றிய பெரிய கேள்விகள் இருக்கும்போது முடியைப் பற்றி மருத்துவரிடம் கேட்க நமக்கே கூச்சமாக இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவள் என்ற முறையில் என் அனுபவத்தையும், தாதியரிடமும் சலூனிலும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எப்போது வளரும்?

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. முடி வேரில் உள்ள செல்களும் வேகமாகப் பெருகுபவை. அதனால் பல மருந்துகளுக்கு, முதல் தவணை முடிந்த இரண்டு மூன்று வாரங்களிலேயே முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. சிகிச்சை முடிந்ததும் வேர் மீண்டும் வேலையைத் தொடங்குகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பூனைமுடி போல மெல்லியதாக முளைக்கும். பிறகு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஓராண்டில் 12 முதல் 15 சென்டிமீட்டர்தான். இடுப்புவரை பின்னல் போட்டிருந்தவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எனக்குக் கடைசி கீமோ தை மாதத்தில். தைப்பூச நேரத்தில் மொட்டைத் தலையுடன் கடைக்குப் போனால் நம்மவர்கள் என்ன கேட்பார்கள்? "பத்துமலையில் வேண்டுதலாக்கா?" என்றாள் கல்லாவில் இருந்த பெண். "ஆமாம்மா, பெரிய வேண்டுதல்" என்றேன். அது பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை.

வருவது வேறு முடி

என் முடி நேரானது, கறுப்பு. திரும்பி வந்ததோ நரையும் சுருளுமாக, ஆட்டுக்குட்டியின் ரோமம் போல இருந்தது. இது பலருக்கும் நடப்பதுதான். முடிக்கு நிறம் தரும் செல்களும் வேரும் முழுமையாகத் தேறச் சற்றுக் காலம் ஆகும். பலருக்கு நாளடைவில் பழைய முடி திரும்புகிறது. சிலருக்குப் புதிய முடியே நிலைத்துவிடுகிறது.

"இன்னொரு தடவை மழித்துவிடு, அடர்த்தியாக வரும்" என்பார்கள். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே மழிப்பதால் அடர்த்தி கூடாது.

குழந்தைத் தலையைப் போல

புதிய முடியையும் தலைத் தோலையும் பச்சைக் குழந்தையின் தலை போலப் பாருங்கள். மென்மையான ஷாம்பு வாரத்துக்கு இரண்டு முறை போதும். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரே நல்லது. துண்டால் அழுத்தித் துவட்டாமல் ஒற்றி எடுங்கள். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ் வாங்கிக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலில் வெளியே போகும்போது பருத்தித் தொப்பியோ துணியோ கட்டாயம் வேண்டும். சாம்பிராணிப் புகைக்குத் தலையை நெருக்கமாகக் காட்ட வேண்டாம், சூடு ஆகாது.

தேங்காய் எண்ணெய் சிறிது தடவினால் வறட்சி குறையும். தலையில் புண்ணோ தடிப்போ இருந்தால் அதுவும் வேண்டாம். விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு, செம்பருத்தி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவை கீமோவுக்குப் பிறகு முடியை வேகமாக வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. முடிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். அது சில இரத்தப் பரிசோதனை முடிவுகளையே மாற்றிக் காட்டக்கூடும்.

சலூனுக்குப் போகும்போது

எங்கள் தாமானில் சலூன் வைத்திருக்கும் சீனப் பெண்ணிடம் நான்காவது மாதம் போனேன். "வெட்டவா? இப்போதுதானே வளர்கிறது!" என்று என் நாத்தனார் பதறினார். அந்தப் பெண் உச்சி முடியைத் தொடவே இல்லை. பிடரியிலும் காதோரத்திலும் துருத்திக்கொண்டிருந்ததை மட்டும் சீராக்கினாள். அவ்வளவில் "நோயாளித் தலை" போய், வேண்டுமென்றே வெட்டிக்கொண்ட குட்டை முடியாகிவிட்டது. சுருளை உலர்ந்த நிலையில் சீவாமல், ஈரமாக இருக்கும்போதே பட்டாணி அளவு கிரீம் தடவி விரலால் அமுக்கிவிடச் சொல்லிக்கொடுத்தாள்.

சாயம் பூச ஆறு மாதமாவது பொறுப்பது நல்லது, மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் காதுக்குப் பின்னால் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். 'கருப்பு மருதாணி' என்று விற்பவற்றில் பெரும்பாலும் இரசாயனச் சாயம் கலந்திருக்கும், கவனம். ரிபாண்டிங், பெர்ம், ஒட்டுமுடி ஆகியவற்றை முடி வலுப்பெறும்வரை தள்ளிப்போடுங்கள்.

மேடையில் நின்ற நாள்

ஆவணியில் மகனுக்குத் திருமணம். "விக் வைத்துக் கொண்டை போட்டுக்குங்க அண்ணி, போட்டோவில் நல்லா இருக்கும்" என்றார் நாத்தனார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் செயற்கை இழை விக் சூட்டில் உருகக்கூடியது. ஹோமத் தீக்கும் ஆரத்திக்கும் பக்கத்தில் நிற்க வேண்டியவள் நான். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருந்தது. அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் பல வருடம் இருக்கப்போகிறது. அதில் இருப்பது நானாகவே இருக்க வேண்டும்.

என் முடி அப்போது மூன்று அங்குலம்கூட இல்லை. கறுப்பு ஹேர்பேண்ட் ஒன்றில் மல்லிகைச் சரத்தை நூலால் தைத்து, காதுக்குப் பின்னால் வருமாறு மாட்டிக்கொண்டேன். ஊசி குத்தவில்லை, முடியும் இழுபடவில்லை. உதிர்ந்துபோன புருவத்தைப் பென்சிலால் மெல்ல வரைந்துகொண்டேன். மகன் தாலி கட்டும்போது அட்சதை தூவியபடி நின்றேன். தலையை நினைக்கவே நேரமில்லை.

ஒரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. ஆறு மாதம் ஆகியும் முடி வளரவில்லை, அல்லது திட்டுத்திட்டாக மட்டுமே வளர்கிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில கீமோ மருந்துகளால் அரிதாக நிரந்தர இழப்பு ஏற்படலாம். தமோக்சிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரைகளாலும் முடி மெலியலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உயிர் காக்கும் மருந்து அது. முடிக்கு என்ன செய்யலாம் என்று தயங்காமல் மருத்துவரிடமே கேளுங்கள். அது அற்பக் கேள்வி அல்ல.

பழைய பின்னல் வரட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள், சகோதரிகளே. ஓர் அங்குலமானால் ஓர் அங்குலத்துக்கு ஏற்றபடி அழகு செய்துகொள்ளுங்கள்.